தகப்பன்மாருக்கு எதிர் அணி

மயேலா: என்ன எலாதியோ, தகப்பன்மார் தினத்தன்னைக்கு ஃபுட்பால் பூட்ஸ் மாட்டுற? வருஷா வருஷம் இன்னைக்குத்தானே உனக்கு முட்டி வலிக்கும்?

எலாதியோ: இந்த வருஷம் வலிக்கல.

மயேலா: எந்தப் பக்கம் ஆடப்போற? தகப்பன்மார் அணியில உன்னச் சேக்க மாட்டாங்களே...

எலாதியோ: எதிர்ப்பக்கம்.

மயேலா: கல்யாணமாகாத பசங்களோடயா? வாழைத்தோட்டமே சிரிக்கும்!

எலாதியோ: பசங்க மட்டுமில்ல. துலியோ, எர்னான், உன் தங்கச்சி புருஷன்...

மயேலா: எல்லாம் உங்க மருந்துக் கோஷ்டி.

எலாதியோ: அதேதான். வாழைக்கு அடியில ஊசிக்குழாயக் குத்திப் புழு மருந்து விட்டவன் ஒருத்தன் வீட்லயும் தொட்டில் ஆடல. பழம் வெட்டுறவன் வீட்ல பாரு, கால் வைக்க இடமில்லாம புள்ளைங்க. அவனவன் வீட்டுக்குள்ள மொடங்கிக் கெடந்தா இது தெரியாது. மைதானத்துல ஒண்ணா நின்னா குருடனுக்கும் தெரியும்.

மயேலா: அது புழுவ மட்டுந்தான் கொல்லும்னாரே கங்காணி?

எலாதியோ: சொன்னான். நாங்களும் நம்பி, அதே கையோட சோறு தின்னோம். இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் பேசப்போறேன். நாளைக்கு சங்கத்து வக்கீல்கிட்ட போறோம்.

மயேலா: ‘நீயெல்லாம் ஆம்பளையா’ன்னு எவனாவது கேட்டா?

எலாதியோ: கேக்கட்டும். படுக்கையில எனக்கென்ன கொறச்சல்? நீயே சொல்லு.

மயேலா: சீ... கதவு தெறந்திருக்கு!

எலாதியோ: அதுலதான் ஏமாந்தோம். அது சரியா இருந்தா எல்லாம் சரின்னு நெனச்சு, பழியப் பொண்டாட்டிங்க தலையில போட்டோம்.

மயேலா: இரு, கதவச் சாத்திக்கிறேன்.

எலாதியோ: மயேலா... ரம்பம் வாங்க லிமோன் டவுனுக்குப் போனேனே, அது பொய். எர்னானோட போய் டாக்டரப் பாத்தேன். விந்துல உயிரணுவே இல்லன்னுட்டார். தெரிஞ்சப்புறமும், எங்கம்மா கொடுக்கிற வேர்க்கஷாயத்த நீ மூக்கப் புடிச்சுக் குடிக்கிறதப் பாத்துட்டு சும்மா இருந்தேன். வெக்கமா இருக்கு.

மயேலா: தெரியும்டா. எர்னான் தன் பொண்டாட்டிகிட்ட சொன்னான். அவ துணி தொவைக்கிற எடத்துல எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. நான் குடிச்சது புள்ளைக்காக இல்ல... நிறுத்தினா உங்கம்மா பார்வை உன் மேல திரும்புமேன்னுதான். இன்னைக்கு அவங்க பக்கத்துலதான் உக்காரப்போறேன். அவங்க காதுல விழற மாதிரி சத்தமாப் பேசு.