வெள்ளை நுரை

ஒழுங்காக ஓடுகிற கழிவுநீர் நிலையம் நாறாது, ஐயா. மழை பெய்து ஓய்ந்த மண் மாதிரி ஒரு வாசனைதான் வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவியே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

ஊர்க் கழிவெல்லாம் எங்கள் தொட்டிக்கு வரும். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்போம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்று தீர்க்கும். தெளிந்த நீர் ஆற்றில் சேரும். கீழே உள்ள ஊர்கள் அந்த ஆற்றைத்தான் குடிக்கின்றன. அந்தக் கிருமிகளைப் பிள்ளைகளைப் போல வளர்த்தவன் நான்.

ஒருநாள் காலை தொட்டி முழுக்க வெள்ளை நுரை. கிருமிகள் செத்துக்கொண்டிருந்தன. சாக்கடையில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று புரிந்தது.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தவன் என் மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அவன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அவனே வாயைத் திறக்கும்வரை.

"மாமா, எவ்வளவு அமிலம் வந்தா தொட்டி மொத்தமா படுத்துடும்?"

சாதாரணமாகக் கேட்கிற கேள்வியா அது? அன்றிலிருந்து அவனைக் கவனித்தேன். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சாக்கடை ஓரமாகச் சுற்றினான். நான் நுழைந்தால் போனில் குரலைத் தாழ்த்தினான். அவன் பையில் சின்னச் சின்ன பாட்டில்கள். ஒன்றைத் திறந்து மோந்தேன், மூக்கு எரிந்தது.

"என்ன மாப்ளே இது?"

"உறுதியாகட்டும் மாமா, அப்புறம் சொல்றேன். இப்பவே வெளியே தெரிஞ்சா ஆள் உஷாராயிடுவான்."

ஆள் என்று அவன் சொன்னது என்னைத்தான். நான் உஷாரானால் அவன் மாட்டிக்கொள்வானே.

கழிவு வந்து விழுகிற கிணற்றில் விஷவாயு தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறவரை தப்பிக்கலாம். வாயு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும். அதனால் முதலில் விசிறியை ஓடவிட்டு, அளக்கிற கருவியை இறக்கிப் பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும். கிணற்று வேலை அவனுக்குப் புதிது.

கிணற்றடியில் கழிவை இறைக்கிற மோட்டாரில் கோணியைத் திணித்து அடைத்தது நான்தான். ஆள் குறைவாக இருக்கிறது, கொஞ்சம் இறங்கி எடுத்துவிடு என்றேன். தட்டாமல் வந்தான்.

"காத்து பாத்துட்டீங்களா மாமா?"

"எல்லாம் பாத்தாச்சு. இறங்கு."

கருவி என் சட்டைப்பையில் இருந்தது. விசிறியை நான் போடவில்லை.

ஏணியில் பாதி இறங்கியதும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "இப்ப நாத்தமே தெரியல மாமா."

விழுந்த சத்தம் கேட்டது. மூடியைச் சாத்திவிட்டு, தொட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

நுரை அடங்கவில்லை. அவன் பாட்டில்களை வைத்துத்தான் மேட்டுத் தெரு முலாம் பட்டறையைப் பிடித்தோம், அதை மூடிய பிறகே நுரை நின்றது என்கிறீர்கள். இருக்கலாம். எந்தச் சாக்கடையில் ஊற்றினால் எங்கே வந்து சேரும் என்று பட்டறைக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அதை நீங்கள் யோசிக்கவில்லை.

ஆமாம், அவனைக் கொன்றது நான்தான். ஆற்றுக்காகச் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தப் பாட்டில்களை வீட்டில் கழுவிக் கொடுத்தவள் என் மனைவி. நீங்கள் என்னை விட்டதும், நானே அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விசாரிக்க வேண்டும்.