விசில் இல்லாத அருவி

இரவு பத்து மணி தாண்டியிருந்தது. இலஞ்சியைத் தாண்டினால் மலைப்பக்கமாக ஒரு ரோடு பிரியும். விளக்குக் கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு... தோப்பு முடிகிற இடத்தில் ஒரு ரிசார்ட்...

பொறுங்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சற்று முன் என் சிப்ஸ் கடைத் தகரத்துக்கு அடியில் நீங்கள் எல்லாரும் ஒதுங்கும்போது, இந்தக் கோயம்புத்தூர்த் தம்பி அலுத்துக்கொண்டார். “மெயின் அருவில குளிக்க விடமாட்டேங்கறாங்க. விசில் ஊதியே துரத்தறாங்க. பேசாம பிரைவேட் ஃபால்ஸ் இருக்கற ரிசார்ட்டுக்குப் போயிருக்கலாம்” என்றார். கேட்டதும் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. அதனால்தான் சொல்கிறேன். கரண்ட் வருகிற வரை கேளுங்கள். மழையும் இப்போதைக்கு விடாது.

சுகிர்தம் என் சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இது அவள் தம்பி பெலிக்ஸுக்கு நடந்தது.

அந்த ரிசார்ட்டை நடத்தியவன் சந்தோஷ்குமார். வெளியூர்க்காரன் இல்லை, இதே குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மலையிலிருந்து இறங்கி வயலுக்குப் போகிற ஓடையை மேலேயே மறித்துச் சுவர் கட்டினான். அதில் சக்கரத்தைச் சுற்றித் திறக்கிற ஒரு ஷட்டர் வைத்தான். கீழே சிமெண்டில் பாறை செய்து பெயிண்ட் அடித்தான். ஷட்டரைக் கொஞ்சம் திறந்தால் போதும், அருவி தயார். பாட்டு, கலர் விளக்கு, நெருப்பில் வாட்டிய கோழி, பார்டர் பரோட்டா... குளித்துக்கொண்டே சாப்பிடலாம், சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம். கூட்டம் இல்லை, வரிசை இல்லை, விசில் இல்லை. விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டான்.

விசில் என்றால் உங்களுக்குத் தொந்தரவு. எங்களுக்கு அப்படி இல்லை. தலை நிறைய எண்ணெயோடு அருவிக்கு அடியில் நிற்போம். தண்ணீர் காதில் அறையும், பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. ஆனால் விசில் கேட்டுவிடும். மலையில் வெள்ளம் இறங்கப் போகிறது என்று அர்த்தம். யோசிக்கவே மாட்டோம். சத்தம் வந்த பக்கம் பார்த்து நேராக ஓடி வருவோம். போலீஸ்காரர் அங்கேதான் நிற்பார், அதுதான் கரை. அப்பா தோளில் உட்கார்ந்து குளிக்கிற வயதிலேயே உடம்பில் ஊறிப்போகிற பழக்கம் அது.

ரிசார்ட்டில் பெலிக்ஸுக்கு மேலே ஷட்டர் வேலை. சுகிர்தத்துக்குக் கீழே துவைக்கிற வேலை. அருவித் தண்ணீர் விழுந்து ஓடுகிற ஓடை ஒரு வளைவில் திரும்பும். அங்கே கல் போட்டு அறைகளின் விரிப்பையெல்லாம் அவள் துவைப்பாள். மேலே இருப்பவனுக்கு அவள் தெரியமாட்டாள். அவளுக்கும் ஷட்டர் தெரியாது. விருந்தாளி கேட்டால் சந்தோஷ்குமார் முழு ஷட்டரையும் திறக்கச் சொல்வான். இரண்டு தடவை தண்ணீர் அடித்து வந்து, ஒரு கட்டு விரிப்பு போனது. அவள் மயிரிழையில் கரையேறினாள்.

அதன் பிறகு என் கடைக்கு வந்தாள். பக்கத்துப் பொம்மைக் கடையில் சிவப்பு பிளாஸ்டிக் விசில் ஒன்று வாங்கினாள். நான்தான் ஊதிப் பார்த்துக் கொடுத்தேன். அன்றைக்கே தம்பியிடம் கொடுத்திருக்கிறாள்.

“ஏலே, ஷட்டரைத் தெறக்கதுக்கு முன்னால இதை ஊது. கீழ நான் கெடக்கேன்லா.”

இவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு விசில்.

பெலிக்ஸ் ஒரே ஒரு நாள் ஊதினான். சந்தோஷ்குமார் மேலே ஏறி வந்துவிட்டான். “எவம்லே விசில் அடிக்கது? இது என்ன மெயின் அருவியா? அந்தச் சத்தம் வேண்டாம்னுதாம்லே இங்கன வாரானுவ” என்று கையிலிருந்து பிடுங்கினான். கீழே போட்டுச் செருப்புக் காலால் மிதித்தான். பிளாஸ்டிக் நசுங்கித் தட்டையானது. அதை ஓடையில் எத்திவிட்டான்.

ஆடி மாசம். விடுதி நிறைய ஆள். காலையில் விரிப்பு வேண்டும் என்று அவளை இருட்டிய பிறகும் துவைக்க வைத்திருக்கிறார்கள். பெலிக்ஸுக்கு அது தெரியாது. அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தான். எவனுக்கோ பிறந்த நாள், கேக் வெட்டும்போது அருவி பெரிதாக விழ வேண்டுமாம். சந்தோஷ்குமார் போனில் சொன்னான். பெலிக்ஸ் திறந்தான்.

காலையில் இலஞ்சிப் பாலத்தடியில் கிடந்தாள். கையில் ஒரு விரிப்பின் நுனி... விரலைப் பிரிக்க முடியவில்லை.

“இது எங்க ஆளே இல்ல. குளிக்க வந்து வழுக்கி விழுந்திருக்கா” என்றான் சந்தோஷ்குமார். என் முகத்தைப் பார்த்தே சொன்னான். அவள் தினமும் துவைத்துக் காயப்போட்ட விரிப்பு அவன் கொடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். என்னைத்தான் வெளியே தள்ளினார்கள். அன்று ராத்திரியும் அங்கே பாட்டு போட்டார்கள். அன்றும் கோழி வாட்டினார்கள். ஒருவன்கூட, நேற்று இங்கே என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

பெலிக்ஸ் வேலையை விடவில்லை. ஊரே அவனைக் காறித் துப்பியது. நானும்தான். அதற்கு அவன் என்னிடம் ஒன்றுதான் சொன்னான். “நான் போனா வேற எவனாவது வந்து தெறப்பான்க்கா. நான் இருந்தா முழுசாத் தெறக்க விடமாட்டேன்.” ஷட்டர்ச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். சாவியை ஜெபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டான்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

நான் முதலில் சொன்னேனே, பத்து மணி தாண்டியிருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. சந்தோஷ்குமாரும் அவர்களோடு அருவிக்கு அடியில் நின்று ஆடிக்கொண்டிருந்தான். மேலே பார்த்துக் கத்தினான்.

“ஏலே பெலிக்ஸ், ஃபுல்லாத் தெற.”

“தெறக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“விடியட்டும்லே, உன்னைய வச்சுக்கிடுதேன்.”

பெலிக்ஸ் சக்கரத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கீழே பாட்டு...

அப்போது ஒரு வாசம் வந்தது. பிளீச்சிங் பவுடரும் பார் சோப்பும் கலந்த வாசம். அவன் அக்காவின் கையில் எப்போதும் இருக்கும் வாசம். அவள் போன பிறகு அங்கே துணி துவைப்பதே இல்லை, வெளியே மிஷினுக்குப் போகிறது. மேலே சோப்பு வாசம் வர வழியே இல்லை.

அடுத்து... தப்... தப்... தப்...

ஈர விரிப்பைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஓடை வளைவிலிருந்து வந்தது. நிதானமாக... ஒரே சீராக... பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நின்றது.

பிறகு விசில். ஒரே மூச்சில், நீளமாக.

பெலிக்ஸ் எழுந்துவிட்டான். கீழே பார்த்தான். கலர் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. பெங்களூர்க்காரர்கள் சிமெண்ட் பாறையில் சாய்ந்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். சந்தோஷ்குமார் மட்டும் ஆட்டத்தை நிறுத்தினான். தலையைத் தூக்கினான். மறுபடியும் விசில்... கீழே, ஓடைப் பக்கமிருந்து.

எங்கள் ஊர்க்காரன் அல்லவா. அவன் யோசிக்கவில்லை. கையிலிருந்த கிளாஸைப் போட்டுவிட்டு, சத்தம் வந்த பக்கம் பார்த்து நேராக ஓடினான். அங்கே கரை இல்லை. ஓடைதான்.

பெலிக்ஸுக்குப் பின்னால் சங்கிலி குலுங்கியது. திரும்பினான். பூட்டு பூட்டியபடி தொங்குகிறது... சாவி கழுத்தில் கிடக்கிறது... சக்கரம் சுற்றுகிறது.

அவன் பாய்ந்து பிடித்தான். அதை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அந்த நாய் சந்தோஷ்குமாருக்காகவும் அவன் பிடித்தான். முழு பலத்தையும் போட்டான். சக்கரம் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்து கிடந்தது. மேலெல்லாம் நுரை. கை வழுக்கி வழுக்கிப் போனது.

“அக்கா, வேண்டாம்க்கா. ஆளு நிக்காங்கக்கா...”

சக்கரம் நிற்கவில்லை. ஷட்டர் முழுசாகத் திறந்தது.

தண்ணீர் கூடினால் அருவி முன்னால் தள்ளி விழும். பாறையை ஒட்டி நின்ற பெங்களூர்க்காரர்கள் அதில் பதித்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் சாரல்தான் பட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. ஓடைக்குள் நின்றவன் மேல்தான் அத்தனை தண்ணீரும் இறங்கியது. அவன் கத்தினானா என்று தெரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் போனில் வீடியோ எடுத்திருந்தார். பிறகு ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன். பாட்டு கேட்கிறது, தண்ணீர் கேட்கிறது, சிரிப்பு கேட்கிறது. சந்தோஷ்குமார் திடீரென்று நின்று, ஓடுவது தெரிகிறது. விசில் சத்தம் இல்லை. வந்தவர்களில் ஒருவருக்கும் அது கேட்கவில்லையாம்.

ஊரில் அவளைப் பேய் என்கிறார்கள், பழிவாங்கினாள் என்கிறார்கள். சொல்லட்டும். எனக்குக் கோபம் வேறு. அவள் ஊதிவிட்டுத்தான் திறந்தாள். உயிரோடு இருந்தவன் அவளுக்கு அந்த மரியாதையைக்கூடத் தரவில்லை.

விடிகிற நேரத்தில் பெலிக்ஸ்தான் முதலில் அவனைப் பார்த்தான். அதே இலஞ்சிப் பாலத்தடி. அக்கா கிடந்த அதே இடம். வாய் எதையோ கடித்துப் பூட்டியிருந்தது. பெலிக்ஸ் தாடையைப் பிடித்துப் பிரித்து எடுத்தான்.

சிவப்பு பிளாஸ்டிக் விசில். நசுங்கித் தட்டையாக... அவன் செருப்புத் தடம் அப்படியே இருந்தது.

எந்தப் பக்கமும் காற்றுப் போக வழியில்லாத விசில் அது. பெலிக்ஸ் வாயில் வைத்து ஊதிப் பார்த்தான்.

சத்தம் வரவில்லை. சோப்பு நுரை வந்தது.