முதல் சிரிப்புக்காரி

பதினோரு ராத்திரிக் கூலி. எங்களோடு மூட்டை தூக்கும் நெட்டையின் சித்திக்கு வானொலி நிலையம் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான்.

இதை நான் சொன்னது சரக்குக் கொட்டகையில். நடுச்சாமம் தாண்டியிருந்தது. லாரி வரவில்லை. வெளியே ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... மூட்டைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். கட்டையன் செல்போனில் பழைய வானொலி நாடகம் ஒன்றை வைத்தான். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாய்ச்சண்டை போடுகிற அந்தப் பழைய சிரிப்பு நாடகம். வாரா வாரம் வரும்.

“அப்பல்லாம் இதுக்காகத் தெருவே அடங்கிக் கிடக்கும்ணே. இப்ப வர்றதெல்லாம் ஒரு காமெடியா” என்றான். கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் காதில் வைத்துப் பார்த்தான். “ஏண்ணே... இதுல ஜனங்க சிரிப்பாங்களே. எங்க போச்சு?”

“உன் மூஞ்சியப் பாத்து ஓடியிருக்கும்” என்றான் ஒருவன்.

நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. பீடியைக் காலால் நசுக்கினான். “எங்க சித்தப்பா கதைதான். நீங்களே சொல்லுங்கண்ணே” என்றான் என்னிடம்.

சொன்னேன்.

அந்தச் சிரிப்பு சும்மா வந்த சிரிப்பு இல்லை. கூலிச் சிரிப்பு. வாரத்தில் ஒரு ராத்திரி நாடகம் பதிவாகும். பெஞ்சு போட்டு ஆட்களை உட்கார வைப்பார்கள். எல்லாம் பகல் முழுக்க எங்கேயோ மாடாக உழைத்துவிட்டு வந்த ஜனம். சிரிப்பு எங்கிருந்து வரும்? அதற்குத்தான் நெட்டையின் சித்தி. முதல் சிரிப்பு அவளுடையது. தகர மூடி தரையில் விழுந்து, உருண்டு உருண்டு அடங்குமே... அப்படி இருக்கும். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் சிரிக்க மாட்டாள். சித்தப்பாவும் நம்மைப்போல மூட்டை தூக்குகிறவர். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிப் பார்ப்பார். “கூலி எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அத்தோடு சரி.

கடைசி பஸ்ஸில் வருவாள். ஆலைச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு ரோடு. ஒரு செருப்பில் வார் அறுந்து கிடக்கும். சரக்... டப். சரக்... டப். வந்ததும் கூலியை மேசைக் கடிகாரத்துக்கு அடியில் வைப்பாள். அடுத்த வாரப் பஸ்ஸுக்குச் சில்லறையை மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாக வைப்பாள்.

பிறகு நெஞ்சில் சீக்கு வந்தது. படுத்துவிட்டாள். அந்த வாரம் சித்தப்பா ரேடியோவைத் திருகினார். நாடகம் ஆரம்பித்தது... முதல் சிரிப்பு கேட்டது. தகர மூடிச் சிரிப்பு. கட்டிலில் அவள் இருமிக்கொண்டிருக்கிறாள். ரேடியோவில் அவளே சிரிக்கிறாள்.

பழைய நாடாவிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

“நான் போகலன்னா என்ன, என் சிரிப்பு வேலைக்குப் போயிருக்கு. கூலிய வாங்கு” என்றாள். சித்தப்பா போனார். “வராத ஆளுக்கு ஏதுய்யா கூலி?” என்றார் கணக்கர். இப்படியே பதினோரு வாரம். பன்னிரண்டாவது வாரம் அவள் இல்லை. “வாங்காம விட்டுடாத” என்பதுதான் கடைசிப் பேச்சு.

வருஷங்கள் போயின. பழைய நாடகங்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி போட ஆரம்பித்தார்கள். சித்தப்பா தனியாக ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடந்தார். நாடகத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. சிரிப்புக்குத்தான் காத்திருப்பார். “கூட இருந்தப்ப ஒரு சிரிப்புக் கெடைக்கலடா. செத்த பிறகு தினம் சிரிக்கிறா” என்று நெட்டையிடம் சொல்வாராம்.

ஆனால் அவள் சொன்ன சொல்லையும் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போய் அந்தக் கூலியைக் கேட்பார். சிரித்து அனுப்பிவிடுவார்கள். கடைசியில் புது மேலாளர் ஒருவர், தொல்லை விட்டால் போதும் என்று கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்துக் கூலி, அந்தக் காலத்துக் கணக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

“பெருசு, கட்டை விரல வை. இதோட உங்க வீட்டம்மா கணக்கு முடிஞ்சுது. அவங்களுக்கும் எங்களுக்கும் இனி ஒண்ணும் இல்ல.”

வைத்தார். பணத்தைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டினார். “வாங்கிட்டேன்” என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார். ரேடியோவைத் திருகினார்.

நாடகம் வந்தது. வீட்டுக்காரர் முதல் ஜோக்கைச் சொன்னார்... ஒன்றுமில்லை. பெஞ்சு முனகுவது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முதல் சிரிப்பு வரவில்லை. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் மற்றவர்களும் சிரிக்கவில்லை. ஜோக் ஒவ்வொன்றும் கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. சித்தப்பா ரேடியோவைத் தட்டினார். குலுக்கினார். நாடகம் முடிந்தது.

விளக்கை அணைத்துப் படுத்தார். தூக்கம் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தெரு மூலையில் பஸ் பிரேக் போடும் சத்தம்... அந்த வழியில் ராத்திரிப் பஸ்ஸை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

சரக்... டப்.

ஆலைச் சுவர் ஓரமாக.

சரக்... டப். சரக்... டப்.

கதவு திறக்கும் சத்தம் இல்லை. இருமல் மருந்து வாசனை மட்டும் வீட்டுக்குள் வந்தது. கட்டிலின் மறுபக்கம் கயிறு தாழ்ந்தது. ஓர் இருமல்.

சித்தப்பா அந்த நாடகத்தில் வந்த ஜோக் ஒன்றை, அன்றைக்குக் காதில் தங்கிய ஒரே ஜோக்கை, இருட்டில் சொன்னார். மூச்சுச் சத்தம் கேட்டது. சிரிப்பு இல்லை. திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

விடிந்ததும் சட்டையைப் பார்த்தார். பை காலி. பணம் கடிகாரத்துக்கு அடியில் இருந்தது.

ஜன்னல் விளிம்பில் ஒன்றுமில்லை. அடுத்த வாரப் பஸ்ஸுக்கான சில்லறையையும் சேர்த்துக் கடிகாரத்துக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.