முகம் துடைத்த பட்டாம்பூச்சிகள்

— மூட்டுவலின்னு மாடிப்படி ஏற மாட்டீங்க. பட்டாம்பூச்சின்னா மட்டும் கேமராவைத் தூக்கிட்டுப் புதருக்குள்ள தவழ்ந்து போறீங்க. “அண்ணி, அண்ணன் எதையாவது தொலைச்சிட்டாரா?”ன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

— அடியே, உலகத்துல எவனும் பார்க்காததை நான் பார்த்திருக்கேன். இந்தச் சின்ன நீலப் பட்டாம்பூச்சி இருக்கே, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது. இறக்கையோட அடிப்பக்கம் ஒண்ணுக்குக் கடுகளவு புள்ளி, ஒண்ணுக்கு மிளகளவு. இன்னொண்ணுக்கு ரெண்டு புள்ளி ஒட்டிப்போய், அப்படியே உன் தம்பி மீசை.

— என் தம்பி மீசை உங்களை என்ன பண்ணுச்சு?

— பட்டாம்பூச்சிச் சங்கத்துத் தலைவியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? “ஒரே பூச்சியையே திரும்பத் திரும்பப் படம் எடுத்துட்டு வந்திருக்கீங்க ஐயா, போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு இதெல்லாம் பிடிபடாது”ன்னு, அத்தனை பேர் முன்னால. சாயங்காலம் படங்களை வரிசையா வைக்கிறேன். வாயடைச்சுப் போகணும். இல்லேன்னா அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்.

— காலையிலேயே சங்கத்துக்கு மெயில் போட்டுட்டேன். பிரிண்ட் மேஜைமேல இருக்கு.

— மகராசி. உன்னைக் கட்டினதுக்கு நான்... இரு. என்ன இது? புள்ளி எங்கே?

— எடுத்துட்டேன்.

— எடுத்துட்டியா?

— டச்சப் பண்ணாம நம்ம ஸ்டூடியோவுல இருந்து எந்தப் படம் வெளியே போயிருக்கு? மரு, தழும்பு, கரும்புள்ளி எல்லாம் துடைச்சுப் பளிச்சுனு கொடுத்த கைங்க இது. பாவம், எல்லாத்துக்கும் அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. ஒண்ணுக்கு இறக்கை ஓரம் கிழிஞ்சிருந்துச்சு, அதையும் ஒட்டவச்சேன்.

— அடிப்பாவி, அந்தப் புள்ளிதான்டி அதுங்களோட முகமே. கேமராவுல வேற அழிச்சுத் தொலைச்சுட்டேனே. கம்ப்யூட்டர்ல பழைய படம் இருக்கா?

— அதுமேலேயே சேவ் பண்ணிட்டேன். எப்பவும் அப்படித்தானே.

— போச்சு. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி நிக்குது. அந்தம்மா சொன்னதே சரின்னு ஆயிடும். பார், போன் அடிக்குது. அவங்கதான். நான் இல்லேன்னு சொல்லு. செத்துட்டேன்னாலும் சரி.

— வணக்கம்மா... ஆமா, அவர்தான் எடுத்தார்... இல்லைங்க, எங்க வீட்டுத் தோட்டம்தான்... அப்படியா... சரிங்கம்மா, தாராளமா.

— என்னவாம்? சிரிச்சாங்களா?

— குரலே நடுங்குதுங்க அவங்களுக்கு. புள்ளியே இல்லாத புது இனமாம், இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லையாம். அதுக்கு உங்க பேரையே வைக்கணும்னு சங்கமே கிளம்பி வந்துட்டிருக்கு.