பிரின்ஸ் செத்த துக்கம்

நாய் செத்ததற்காக ஒரு கிழமை முகம் வழிக்காமல் இருந்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் இருந்தேன். கொழும்புத்துறையே சிரித்தது. பக்கத்து வளவுக் கிறிஸ்துநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கிளாக்கர், செத்தவீட்டுக்கு எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

பிரின்ஸ் சாதாரண நாயல்ல. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது எனக்கு மேலிருந்த வெள்ளைக்காரத் துரை, சீமைக்குத் திரும்பும்போது என் கையில் பிடித்துக் கொடுத்தவன். அவனுக்கு ஆங்கிலம்தான் விளங்கும். என் மனைவி யோசப்பினுக்கு அதில் ஒரு சொல்லும் வராது. ஆகவே பென்சன் எடுத்தபின், வீட்டில் நான் கதைக்கத் தகுந்த ஆள் அவன் ஒருவன்தான். மேசையடியில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்து சாப்பிடுவான்.

ஒருநாள் யோசப்பின் கேட்டாள்: "நாய்க்குக் கதிரை, எனக்கு அடுப்படியோ?"

நான் கோபப்படவில்லை. அது என் சுபாவமல்ல. அன்று பின்னேரம் எலிப்பாஷாணம் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் எலி இல்லை. மறுநாள் மத்தியானம், அவள் தனக்கென்று மூடி வைத்திருந்த சோற்றில் கலந்துவிட்டு வாசிகசாலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் பிரின்ஸ் விறைத்துக் கிடந்தான். அவன் தலையை மடியில் வைத்து யோசப்பின் அழுதுகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, எனக்குக் காய்ச்சல், சோறு இறங்கேல்லை. பாவம், பார்த்துக்கொண்டு நிண்டது. என்ரை சோத்தைக் குழைச்சு வைச்சனான். எவ்வளவு ஆசையாத் திண்டது தெரியுமோ."

அவளுக்கென்று இருந்ததை அவள்தானே சாப்பிட்டிருக்க வேண்டும், ஐயா? வாயில்லாச் சீவனைக் கொன்றுவிட்டாள். மாமரத்தடியில் புதைத்தேன். சிலுவை நட வேண்டாமென்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். அந்த ஆறுதலும் எனக்குக் கிடைக்கவில்லை.

யோசப்பினுக்குக் காய்ச்சல் மாறவில்லை. நானே கஞ்சி காய்ச்சி, மிச்சமிருந்த பாஷாணத்தைக் கலந்து, பக்கத்தில் இருந்து கரண்டியால் ஊட்டினேன். இம்முறை கவனக்குறைவுக்கு இடம் வைக்கவில்லை. "கலியாணம் கட்டின நாளையிலை இருந்து இண்டைக்குத்தான் என்னைப் பார்க்கிறியள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அவளுடைய செத்தவீட்டுக்கு ஊர் முழுதும் வந்தது. நான் அழவில்லை என்று குறை சொன்னார்களாம். என் கண்ணீர் பிரின்சோடு முடிந்துவிட்டதை அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் கலந்தது நான்தான். ஆனால் யோசப்பின்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, ஐயா. பிரின்ஸ் சாகாமல் இருந்திருந்தால் அவளும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.