சபீர் இருக்குற தீவு

சின்ன மீரான்: டிவிய விட்டுத்தள்ளும்மா ரிஸ்வானா. ரிப்பேருக்கு ஆளு திருச்சுழியில இருந்து வரணும். மெல்ல வரட்டும்.

ரிஸ்வானா: நானும் அதத்தான் சொல்ல வந்தேன் மாமா. என்னத்தப் பாக்கப் போறோம்... டீயக் குடிங்க.

சின்ன மீரான்: ம்... சபீர் பேசுனானா?

ரிஸ்வானா: ஓட்டல்ல கூட்டமாம் மாமா. சமையக்கட்டுல நிக்கிறவுகளுக்குப் பேச ஏது நேரம்?

சின்ன மீரான்: அதானே! கூட்டம்னா நல்லதுதானே... ஆமா, அந்தத் தீவு பேரு என்னம்மா? வாயில நிக்க மாட்டேங்குது.

ரிஸ்வானா: டர்க்ஸ் அண்ட் கெய்க்கோஸ். கரீபியன் பக்கம், சின்னச் சின்னத் தீவாக் கெடக்காம். அங்க ஒரு கள்ளி இருக்காம் மாமா, உச்சியில செவப்பா துருக்கித் தொப்பி வச்ச மாதிரி. அதுலதான் டர்க்ஸுன்னு பேராம்.

சின்ன மீரான்: துருக்கித் தொப்பியா! எங்க அத்தா கல்யாணத்துக்கு அதத்தான் போட்டாக, குஞ்சம் வச்சது. அப்ப நமக்குச் சொந்தக்கார ஊருதான்னு சொல்லு.

ரிஸ்வானா: வறச்சியிலயும் சொந்தந்தான். நம்ம வீரசோழன் கணக்கா மழ கொஞ்சம். கூரையில விழுற மழத்தண்ணியத் தொட்டியில புடிச்சு வச்சுத்தான் குடிப்பாகளாம்.

சின்ன மீரான்: கூர... கெட்டியா இருக்குமா?

ரிஸ்வானா: எதுக்கு மாமா கேக்குறீக?

சின்ன மீரான்: சும்மா... தண்ணி புடிக்கணும்ல.

ரிஸ்வானா: கெட்டிதான்... கெட்டியாத்தான் இருக்கும். கழுதக் கதையச் சொன்னேனா?

சின்ன மீரான்: சொல்லு, சொல்லு.

ரிஸ்வானா: முந்தி அங்க உப்பளமாம். ஆப்பிரிக்காவுல இருந்து சனங்கள அடிமையாக் கொண்டாந்து உப்பு அள்ள விட்டானுகளாம் வெள்ளக்காரனுக. உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலெல்லாம் புண்ணு.

சின்ன மீரான்: பாவிப்பயலுக...

ரிஸ்வானா: உப்பு வண்டி இழுக்கத்தான் கழுத. இப்ப உப்பு யாவாரம் படுத்துருச்சு. அந்தச் சனங்களோட பேரம்பேத்திகதான் ஊரு நெறைய. உப்புப் பாத்தியில பூநாரை மேயுது. கழுத நடுரோட்டுல நிக்கும், காரெல்லாம் அது நகர்ற வரைக்கும் நிக்கணுமாம்!

சின்ன மீரான்: காரியாபட்டி பஸ்ஸ மறிச்சிக்கிட்டு மாடு நிக்குமே, அப்படி.

ரிஸ்வானா: அதேதான். கச்சேரின்னா மரம் அறுக்குற வாளு வாசிப்பாகளாம் மாமா.

சின்ன மீரான்: வாளயா? ஏய், கேலி பண்ணாத.

ரிஸ்வானா: நெசமா! தொடையில அண்டக் குடுத்து, வளச்சு, கத்தியத் தேச்சா கர்ரு கர்ருன்னு... கூட ஆட்டுத்தோல் மோளம். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வேசங்கட்டி, மாட்டுமணிய ஆட்டிக்கிட்டுத் தெருவெல்லாம் ஆடுவாக. ஒங்க மகனும் ஆடுனாக.

சின்ன மீரான்: அவனா! நிக்காஹ் அன்னைக்கு நிமுந்து பாக்காத பய... ம்... இந்தக் காத்து...

ரிஸ்வானா: காத்தா? என்ன காத்து மாமா?

சின்ன மீரான்: ஃபேன் காத்தும்மா. பத்தலையேன்னேன்.

ரிஸ்வானா: கூட்டி வைக்கிறேன்... மாமா! போனு! அவுகதான்! இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்... ஏங்க! ஏங்க!

சபீர்: ரிஸ்வானா... அத்தா பக்கத்துல இருக்காகளா? இங்க ஒண்ணுமில்ல, சும்மா தூறல். அதான் போனு கொஞ்சம்...

சின்ன மீரான்: என்னலே தூறலு! ஒங்க ஓட்டல் கூரையப் புயலு தூக்கிட்டுப் போனத வீரசோழன் பஜாரே டிவியில பாத்துச்சு! அடி கிடி பட்டுச்சா?

சபீர்: ...இல்லத்தா. அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறல் இல்ல. எல்லாரும் பள்ளிக்கூடத்துல தங்கிட்டோம். கழுதையும் உள்ள வந்து படுத்துக்கிருச்சு. சோத்தையும் பயறையும் ஒண்ணாப் போட்டு ஆக்குனேன், தெருவே சாப்பிட்டுச்சு. இப்ப வாளு வாசிக்கிறாக... கேக்குதா?

ரிஸ்வானா: கேக்குதுங்க... அழுகல, சிரிக்கத்தான் செய்யிறேன்... அப்ப மாமா, ஒங்களுக்குத் தெரியுமா?

சின்ன மீரான்: புயலடிச்ச அன்னைக்கே தெரியும். நீ பயந்துருவேன்னுதான் டிவி ஒயரப் புடுங்கி வச்சேன்.

ரிஸ்வானா: நீங்களா? ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒயர நான்ல புடுங்குனேன்!

சின்ன மீரான்: அப்ப நீ புடுங்குனது கேபிளு தாயி... நான் புடுங்குனது கரண்டு.