அப்பாவிடம் பேசும் ஸ்பிரின்ட்

— ஆபீஸ்ல காலையில நின்னுக்கிட்டே பேசற ஸ்டாண்டப் மீட்டிங் முடிஞ்சுது, எல்லாரும் சீட்டுக்குப் போயாச்சு. இப்ப நம்ம ஸ்டாண்டப். நேத்து என்ன பண்ணின?

— படிக்கட்டுலயா மாஸ்டர்? யாராவது வந்துடப் போறாங்க.

— லிஃப்ட் ஓடுற கட்டடத்துல எவன்டா படியேறி வருவான்? நேத்து என்ன பண்ணின, இன்னைக்கு என்ன பண்ணப் போற, நடுவுல என்ன தடை. மூணே கேள்வி. டீம்ல ஸ்க்ரம் மாஸ்டரா நான் கேட்கறப்ப தினமும் பதில் சொல்றேல்ல?

— நேத்து நீ ஹாஸ்டலுக்குப் போனதும் நான் உங்க வீட்டுக்குப் போனேன். உங்க அப்பாவோட செஸ் ஆடினேன். தோத்தேன். வேணும்னேதான்.

— நம்ம கல்யாணத்தைப் பத்திப் பேசினியா?

— அது அடுத்த ஸ்பிரின்ட்.

— போன தடவையும் இதையேதான் சொன்ன! ரெண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலைன்னு கையில எடுத்தா, அந்த ரெண்டு வாரத்துல முடிச்சுக் காட்டணும். அதுக்குப் பேருதான் ஸ்பிரின்ட். நீ பண்றதுக்குப் பேரு டபாய்க்கிறது.

— அப்பாகிட்ட பேசறது ரொம்பப் பெரிய வேலை மாஸ்டர். பெரிய வேலையைச் சின்னச் சின்னதா உடைக்கணும்னு நீதானே சொல்லிக் கொடுத்த? உடைச்சேன். ஆபீஸ் நண்பன்னு வீட்டுக்குள்ள நுழையறது, முடிஞ்சுது. அவர் போனைச் சரி பண்றது, முடிஞ்சுது. அவர் ஜோக்குக்குச் சிரிக்கிறது, தினமும் நடக்குது. மொத்தத்துல தொண்ணூறு சதவீதம் ஓவர்.

— தொண்ணூறுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சாமி. முடிஞ்சுது, இல்ல முடியல. உடைக்கிற ஒவ்வொரு துண்டும் யாருக்காவது உபயோகப்படணும். இதுல எனக்கு என்ன உபயோகம்?

— உங்க அப்பாவுக்கு உபயோகம். தோள்ல கை போட்டு, "நீ எனக்கு மகன் மாதிரிப்பா"ன்னாரு.

— மருமகன் மாதிரியா?

— மகன் மாதிரி.

— ஐயோ.

— அதோட நிக்கல. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பை என் தலையில கட்டிட்டாரு.

— எந்தத் தங்கச்சிக்கு?

— அது... நீதான்.

— நீ என்னடா சொன்ன?

— "சரிங்கப்பா"ன்னேன்.

— நாசமாப் போச்சு! சரி, வழக்கம்போல இழுத்தடிச்சிருப்பேல்ல?

— அங்கதான் நீ பெருமைப்படணும் மாஸ்டர். வேலைன்னு வாங்கிட்டா எனக்குக் கை சும்மா இருக்காது. பையன் எப்படி இருக்கணும்னு அவர்கிட்ட தெளிவாக் கேட்டு, ஊரெல்லாம் விசாரிச்சு, ஒவ்வொருத்தனாக் கழிச்சுக்கிட்டே வந்தேன். ஒருத்தன் எல்லாத்துலயும் பாஸ். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க.

— என்னையா?

— நல்ல பையன். நல்லா சமைப்பான். எனக்கே பிடிச்சிருந்தது.

— பாவி! மாசக்கணக்கா நம்ம விஷயத்துக்கு வாயத் திறக்கல, இதை மட்டும் ஒரே வாரத்துல முடிச்சிருக்க!

— இதுல என்ன வேணும்னு அவரு தெளிவாச் சொன்னாரு.

— மரியாதையா இன்னைக்கே நிறுத்து.

— ஓடிக்கிட்டிருக்கிற ஸ்பிரின்ட்டை நான் எப்படி நிறுத்தறது? என்ன வேணும்னு முடிவு பண்ற ஆளு, பிராடக்ட் ஓனர், அவர்தான் ரத்து பண்ணலாம். நீ எடுத்த பாடம்தான்.

— இங்க யாரு ஓனர்?

— உங்க அப்பா.

— கட்டிக்கப் போறது நானு, ஓனர் அவரா? போனைக் கொடு இங்க. அப்பா, நான்தான். ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் வேற ஒருத்தனைக் கட்டிக்கப் போறேன். உங்ககிட்ட செஸ்ல தோக்கறானே, அவனைத்தான். ஆமா, அந்த மகனைத்தான். ம்... ம்... அதுவும் சரிதான்பா. வச்சிடறேன்.

— திட்டினாரா?

— சிரிச்சாரு. சந்தோஷம்னாரு.

— அப்பாடா! இனிமே எங்க அம்மா ஒருத்திதான் பாக்கி. அவங்க முன்னாடி எனக்கு நாக்கே எழாது. நல்லவேளை, அதை உங்க வீட்டுலேர்ந்து வந்து பேசிக்குவாங்க.

— பேசுவாங்க. பொண்ணு வீட்டு சார்பா உங்க அம்மாகிட்ட மாப்பிள்ளை கேட்க, ஞாயித்துக்கிழமை அப்பா தன் மகனைத்தான் அனுப்பறாராம்.